கடைசி மேசை ஏன் தாமதம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர். ஆள் சின்னது, லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தத் துணிச்சல் எவனுக்கு உண்டு? ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தாள் என்றால், உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் அர்த்தம்.

இதற்கு முன் இரண்டு இடத்தில் வேலை பார்த்து, இரண்டையும் வாயால் கெடுத்துக்கொண்டவள். முதல் இடத்தில் மேலதிகாரி மீட்டிங்கில் கண்ணயர்ந்துவிட்டார். "ஏன் சார், வீட்ல கட்டில் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். இரண்டாவது இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அவள் கணவர் இன்றுவரை வாய் திறக்க மாட்டார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். மூன்றாவது வேலைக்கு அவள் கிளம்பிய காலையில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து, "இந்த வேலையையாவது காப்பாத்திக்கோம்மா" என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

மூன்றாவது வேலை, பல் செய்யும் கூடத்தில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயைக் கருவியால் படம் பிடித்து இங்கே அனுப்புவார்கள். வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்தத் தாடையைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடைந்த பல்லுக்கு மேல் மாட்டும் 'கேப்' என்கிற உறையை வரைவார்கள். வரைந்ததைப் பக்கத்து அறையில் ஒரு மிஷின் வெள்ளைக் கட்டியிலிருந்து செதுக்கி எடுக்கும். டாக்டர் பல்லைக் குடையும்போது வருமே, அதே சத்தம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் பாட்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டே டீ குடிப்பார்கள்.

தீப்பெட்டி பல் வரைவதில்லை. கணினிகளையும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மேசைகளில் இருக்கும் கணினிகளுக்குச் சொந்தமாக ஒரு தாடைகூடக் கிடையாது. எல்லாப் படங்களும் பின்னறையில் உள்ள சர்வரில் இருக்கும். வேண்டும்போது அங்கே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்டு வாங்குகிறோம் என்பதே வரைகிறவர்களுக்குத் தெரியாது. தன் கணினிக்குள்ளேயே படம் இருப்பதுபோலத்தான் தோன்றும். இந்த ஏற்பாட்டுக்கு நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். கொடுக்கிறது சர்வர், கேட்கிறது கிளையன்ட். அவ்வளவுதான் விஷயம். இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நாத்தனார் கதைக்கு வருவோம். கணவரின் தங்கை. கட்டினவன் கை நீட்டுகிறவன். ஒருநாள் மகளின் ஸ்கூல் பையை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. தீப்பெட்டிக்கும் அவளுக்கும் அதுவரை ஏழாம் பொருத்தம்தான். இவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள், அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். ஆனால் அந்தக் கன்னத்தைப் பார்த்ததும், "உள்ள வா. எவன் வந்து கூப்பிடறான்னு பார்க்கிறேன்" என்றாள் தீப்பெட்டி.

கூப்பிடத்தான் வந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கூடி உட்கார்ந்து ஒரு நியாயம் சொன்னார்கள். நியாயமாம்! சம்பாதித்துச் சொந்தக் காலில் நிற்கிறவரை அவள் பிள்ளையோடு தனியாக இருக்கலாம். அது முடியாமல் போனால் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அடித்தவனுக்கு ஒரு நிபந்தனையும் கிடையாது. அவன் சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம், எத்தனை நாளைக்குன்னு" என்று எழுந்து போனான். அந்தச் சிரிப்பை நினைத்தால் தீப்பெட்டிக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

நாத்தனாருக்குக் கல்யாணத்துக்கு முன்பே பல் வரையும் படிப்பு உண்டு. புருஷன் வேலைக்கு விடவில்லை, அவ்வளவுதான். தீப்பெட்டி சொல்லி, பல் கூடத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. கடைசி மேசை. அக்கடா என்று சுவரைப் பார்த்த மூலை. பக்கத்துத் தெருவில் ஒரு அறை பார்த்து, அவளும் மகளும் குடிபோனார்கள். சாப்பாடு மட்டும் அண்ணன் வீட்டில். ஒரு வழியாக மூச்சு விட்டார்கள்.

அப்போதுதான் பல் கூடத்து மாப்பிள்ளை ஒரு பெரிய திரையைக் கொண்டுவந்து மாட்டினார்.

மாப்பிள்ளை என்பது முதலாளியின் மகளைக் கட்டியவர். மேனேஜர் என்பது பலகையில் இருக்கும் பதவி, மாப்பிள்ளை என்பதுதான் உண்மையான பதவி. அவர் வெளியூர் போய் ஒரு கண்காட்சியில் ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேரை வாங்கி வந்தார். எந்த மேசையில் எந்தத் தாடையைத் திறந்தார்கள், எப்போது முடித்தார்கள் என்பதை அது கணக்குப் போட்டு, கூடத்தின் முன்சுவரில் மாட்டிய திரையில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நிறம் காட்டும். வேகமான மேசைக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மந்தத்துக்குச் சிவப்பு. விற்றவர்களே ஆள் அனுப்பிப் பொருத்திவிட்டுப் போனார்கள். தீப்பெட்டி விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்துப் பொருத்தினார்கள். திரும்பி வந்து, "என்னைக் கேக்காம என் மிஷின்ல யார் கை வச்சது?" என்று குதித்தாள். மாப்பிள்ளை சிரித்து மழுப்பிவிட்டார்.

திரை வந்த நாளிலிருந்து கடைசி மேசை சிவப்பு. ஒருநாள் சிவப்பு, மறுநாள் சிவப்பு, அப்புறம் எப்போதும் சிவப்பு. மற்றவர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பாவமாக இருந்தது, பிறகு நல்லவேளை நாம் இல்லை என்றிருந்தது. மனிதர்கள்தானே.

ஒருநாள் மாப்பிள்ளை தீப்பெட்டியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மாமா ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லிட்டார். இந்த மாசக் கடைசிக்குள்ள. நான் யாரையும் தனிப்பட்ட முறையில சொல்லலை. ஸ்க்ரீன் யாரைச் சிவப்பாக் காட்டுதோ, அவங்க. உங்க சொந்தமாச்சேன்னு முன்கூட்டியே காதுல போடறேன்."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தீப்பெட்டிக்கே பயம். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் கோபம் முழுவதும் யார்மேல் போயிற்று என்கிறீர்கள்? மாப்பிள்ளைமேல் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் நாத்தனார்மேல் போயிற்று.

"கொஞ்சம் வேகமா வரைஞ்சா கை என்ன கழண்டு விழுந்துடுமா? ஒரு கேப்புக்கு அரை நாளா? உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!"

நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "படம் வர மாட்டேங்குது அண்ணி. திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. பல்லைத் திருப்பினா மறுபடி சுத்துது."

"சும்மா கதை விடாதே. சர்வரை இன்னிக்குக் காலைலகூடப் பார்த்தேன். கேட்ட அடுத்த நொடி கொடுக்குது. வேற யாருக்கும் சுத்தலையே, உனக்கு மட்டும் சுத்துமா?"

"எனக்குச் சுத்துது அண்ணி."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

நாத்தனாரின் மகள் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். சண்டை வந்தால் சத்தத்தைக் கூட்டுவது அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில் வந்த பழக்கம் இல்லை. அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அதைப் பார்த்த கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் மனம் ஆறவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிட எழுந்தபோது, அவள் விறுவிறுவென்று போய்க் கடைசி மேசையில் உட்கார்ந்தாள். நல்லெண்ணத்தில் ஒன்றும் இல்லை. உன் மிஷினில் ஒரு கோளாறும் கிடையாது என்று முகத்துக்கு நேராகக் காட்டி, நாத்தனாரின் வாயை அடைக்கத்தான். டிஃபன் பாக்ஸைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் பின்னால் நின்றாள்.

"நீயே பார்த்துக்கோ" என்று சொல்லி, தீப்பெட்டி கிளையன்டின் கணக்கைத் திறந்தாள்.

கிளையன்டும் தன் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கும். சர்வரிடம் என்னென்ன கேட்டேன், கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றேன், கேட்ட பின் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று ஒழுங்காக எழுதிவைத்திருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. சர்வர் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். தீப்பெட்டியும் அதைத்தான் செய்து வந்தாள்.

சர்வர் சொன்னதில் பொய் இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்த மறுகணமே பதில் வந்துகொண்டிருந்தது. ஆனால் கேள்வி போய்ச் சேருவதற்கு முன்னால், இந்தக் கணினிக்குள்ளேயே, வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தது. முன்னால் பெரிய வரிசை. அந்த வரிசையில் நின்றவை எல்லாம் தாடையைக் கேட்ட கேள்விகளா? அதுவும் இல்லை. இந்த ஃபைல் இருக்கிறதா, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது; இருக்கிறதா, பெரியதா, மாறியதா. ஆயிரமாயிரமாக அதே நச்சரிப்பு. நாத்தனாரின் கை டிஃபன் பாக்ஸில் இருக்கிறது. மேசையில் யாரும் வரையவில்லை. எண்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றுவதுபோல.

"இது எதுடி கேக்குது? நீ ஏதாவது போட்டு வச்சிருக்கியா?"

"நான் ஒண்ணும் தொடலை அண்ணி."

கேட்பது யார் என்று அவள் தேடினாள். தேட அதிக நேரம் ஆகவில்லை. மாப்பிள்ளையின் கண்காணிப்பு சாஃப்ட்வேர்தான். எல்லா மேசைகளின் தாடைகளையும் கூடை கூடையாகப் புரட்டி, எது திறந்தது எது மூடியது என்று பார்க்கும் வேலையை ஏதாவது ஒரு கணினியில் உட்கார்ந்துதான் அது செய்தாக வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த கணினி இது. முதலில் எப்போதாவது ஒருமுறைதான் புரட்டிக்கொண்டிருந்தது; அந்தச் சுமையே மேசையை மந்தமாக்கப் போதுமாக இருந்தது. கடைசி மேசை சிவப்பாகக் காட்டியதும், இன்னும் உன்னிப்பாகக் கவனி என்று யாரோ சொல்லி, புரட்டும் இடைவெளியைக் குறைத்திருக்கிறார்கள். அது இன்னும் அடிக்கடி புரட்டியது. மேசை இன்னும் மந்தமானது. இன்னும் சிவந்தது. இன்னும் குறைத்தார்கள். இப்போது அது மூச்சு விடுவதே இல்லை.

இவள் மந்தம் என்று எது சொல்லியதோ, அதுதான் இவளை நகர விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தீப்பெட்டிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம். வாயில்லாப் பூச்சி ஒன்று வாயைத் திறந்து, படம் வரவில்லை என்று சொன்னது. அதை நம்பாமல், கேட்டவளை விட்டுவிட்டுக் கொடுத்தவனிடமே போய், கொடுத்தாயா என்று விசாரித்துவிட்டு வந்து, வீட்டில் பிள்ளை முன்னால் அவளை வைது தீர்த்தாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?

"இத்தனை நாளா ஏண்டி சத்தம் போடலை?" என்று திரும்பி நாத்தனாரிடமே கத்தினாள். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "சொன்னேனே அண்ணி."

தீப்பெட்டி எழுந்தாள். சாப்பாடு முடிந்து ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பல் குத்திக்கொண்டே கூடத்துக்குள் வந்தார். அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். பேசவில்லை.

"சார், இங்க வாங்க. இதைப் பாருங்க."

அவர் வந்தார். அவள் விளக்கினாள். அவளால் முடிந்த அளவுக்குப் பொறுமையாகவே விளக்கினாள். அவருக்குப் புரிந்தது, முட்டாள் இல்லை அந்த மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல்.

"இந்த மேசைல எதுக்கு வச்சீங்க?"

"அவங்க அமைதியான டைப். புகார் சொல்ல மாட்டாங்கன்னு வச்சது. எங்கயாவது வைக்கணும் இல்ல?"

பக்கத்து அறை மிஷின் மட்டும் பல்லைக் குடைந்துகொண்டிருந்தது.

"புகார் சொல்ல மாட்டாங்க" என்று தீப்பெட்டி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அதனால அவங்க தலைல பாறாங்கல்லை வச்சுட்டு, ஏன் ஓடலைன்னு கேட்டு வேலையை விட்டுத் தூக்குவீங்க. ரொம்ப நல்லாருக்கு சார். எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"குரலைக் குறைங்க. தப்பு நடந்துபோச்சு, சரி பண்ணிடலாம். அதை ஜன்னலோர மேசைக்கு மாத்திடுங்க. உங்க நாத்தனார் தப்பிச்சுடுவாங்க. போதுமா?"

ஜன்னலோர மேசையில் இருந்தவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பார். நல்ல கை. அவருக்கும் வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு. மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும் அவர் முனகல் நின்றுவிட்டது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லிவிடத் தீப்பெட்டிக்கு நாக்கு நுனிவரை வந்தது. பொய் எதற்கு? தன் வீட்டுப் பெண் பிழைத்துக்கொள்வாள், அந்தக் கடங்காரனின் சிரிப்பு அடங்கும், கணவர் நிம்மதியாகத் தூங்குவார். ரேடியோ இவளுக்கு என்ன உறவா? அப்புறம் அவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை; தன் கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏதோ கடிக்கப் போகிறதுபோல.

"மாத்தினா அவர் சிவப்பாயிடுவார்."

"யாராவது ஒருத்தர் ஆகத்தானே வேணும்? மாமா ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்கார். நான் அவருக்குக் காரணம் காட்டணும்."

ஓகோ. அப்படிப் போகிறதா கதை. அளப்பதற்காக வாங்கிய சாமான் இல்லை இது. யார் கழுத்தில் கத்தி வைக்கலாம் என்று காட்டிக் கொடுக்கிற சாமான். எந்த மேசையில் கொண்டுபோய் வைத்தாலும் அந்த மேசை சிவக்கும். சிவந்ததைக் காட்டி, நான் சொல்லவில்லை, திரை சொல்கிறது என்று இவர் கையைக் கழுவிக்கொள்வார்.

தீப்பெட்டி மறுபடி கடைசி மேசையில் உட்கார்ந்தாள். நான்கைந்து தட்டு தட்டினாள். கண்காணிப்பு நின்றது. நின்றதோடு விடவில்லை, அதை வேரோடு பிடுங்கி அழித்தாள். முன்சுவரில் இருந்த திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு இருண்டுபோனது. எல்லா மேசைகளின் நிறமும் போய்விட்டது.

"என்ன பண்றீங்க நீங்க? யாரைக் கேட்டுப் பண்றீங்க?"

"மிஷினுங்களை ஒழுங்கா ஓடவைக்கத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க? ஓடவைக்கறேன்."

"உங்களுக்கு நாளைலேர்ந்து இங்க வேலை இல்ல." மாப்பிள்ளை வாசலைக் கை காட்டினார். ஆட்களுக்கு முன்னால் ஒரு பொம்பளை இப்படிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "நாளைலேர்ந்து எதுக்கு, இப்பவே கிளம்பலாம்."

"சந்தோஷம்." அவள் எழுந்து நின்றாள். நின்றாலும் அவர் தோள்வரைதான் வருவாள். "உங்க மாமா எத்தனை பேரைக் குறைக்கச் சொன்னார்?"

மாப்பிள்ளை இருண்டுபோன திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"இதோ குறைஞ்சாச்சு. போய்ச் சொல்லுங்க அவர்கிட்ட. இந்த மாசம் இதுக்குமேல யாரும் போக வேண்டியதில்லை. சரின்னு சொல்லுங்க. இங்க இருக்கிற எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க."

யாரும் வேலை செய்யவில்லை. எல்லா முகமும் மாப்பிள்ளையைப் பார்த்தபடி இருந்தது. ரேடியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவரும் எழுந்தார்.

"சரி" என்றார் மாப்பிள்ளை.

தீப்பெட்டி தன் மேசைக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வீட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது? அந்த நினைப்பு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது. அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கடைசி மேசையில் நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள். டிஃபன் பாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அண்ணி, நானும் வர்றேன். உங்களை இப்படி அனுப்பிட்டு என்னால இங்க உக்கார முடியாது."

தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சத்தமாகப் பேசித் தீப்பெட்டி கேட்டதில்லை.

"என்னடி சொன்னே?" தீப்பெட்டி கூடம் அதிரக் கத்தினாள். மாப்பிள்ளையிடம் கத்தியதெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை. "எங்கடி வர்ற? எந்த வீட்டுக்கு வர்ற? நீ இந்த வாசலைத் தாண்டினா நேரா எங்க போகணும்னு தெரியும்ல? உன் பொண்ணையும் கூட்டிக்கிட்டு அவன்கிட்டப் போகணும். எனக்குத் துணையா வர்றாளாம், துணை! நான் என்ன சாகவா போறேன்? இந்த ஊர்ல வேற கம்ப்யூட்டரே இல்லையா? உட்காரு. உட்காருடிங்கறேன்! நீ மட்டும் இன்னிக்கு எழுந்து வந்தே, உன்னை நானே கொன்னு போட்டுடுவேன்."

நாத்தனார் உட்கார்ந்தாள். அழுதுகொண்டேதான் உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தாள்.

"கண்ணைத் துடை. தாடையைத் திற. சாயங்காலம் பிள்ளைக்குப் பசிக்கும், நேரத்துக்கு வீடு வந்து சேரு" என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி வெளியே போனாள்.